சிகரெட்டை விட்ட முதல் வாரம்: துணைக்கு ஆள் பிடிப்பது எப்படி?

சிகரெட்டை நிறுத்தப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "துணைக்கு யாராவது இருந்தா நல்லது." யார் அந்தத் துணை, அவரிடம் என்னவென்று கேட்பது, எந்த நேரத்துக்குக் கேட்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் விட்டபோது இதையெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஏன் விட வேண்டும் என்ற பேச்சு இதில் இல்லை. விடுவது என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கான பதிவு இது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் புகைக்கிற இடம் சுருங்கச் சுருங்க, புகைக்கிறவர்கள் நெருங்கி வந்துவிட்டோம். வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வாரம், மாடிப்படி, பேருந்து நிறுத்தம் எங்கேயும் புகைக்கக் கூடாது. ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் 2019 முதல் அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான். வேலையிடத்திலும் மஞ்சள் கோடு போட்ட ஒரு சின்னக் கட்டத்தில் தினமும் அதே முகங்கள். மேனேஜரைப் பற்றிப் புலம்புவது அங்கேதான், பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) பற்றிக் கவலைப்படுவதும் அங்கேதான். சிகரெட்டை விடும்போது நிக்கோட்டினோடு சேர்ந்து இந்தக் கூட்டமும் போய்விடுகிறது. உடம்பு தேடுவதற்கு மருந்துக்கடையில் பதில் இருக்கிறது. மனசு தேடுவதற்கு மனுஷர்தான் வேண்டும். அதுவும் அதே நேரத்துக்கு, அதே ஐந்து நிமிஷத்துக்கு வேண்டும்.

படி 1: எந்த நேரம் என்று எழுதுங்கள்

விடுவதற்கு முன் இரண்டு நாள், ஒவ்வொரு சிகரெட்டையும் எத்தனை மணிக்கு, யாரோடு பிடித்தீர்கள் என்று போனில் குறித்து வையுங்கள். அதற்கென்று செயலி எதுவும் வேண்டாம், நோட்ஸ் போதும். பெரும்பாலும் மூன்று நான்கு நேரங்கள்தான் உயிரை எடுக்கும்: எழுந்தவுடன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணி பிரேக், வேலை முடிந்து எம்ஆர்டிக்கு நடக்கும்போது. மற்றவை கை பழக்கத்தில் பிடிப்பவை.

நிக்கோட்டின் இல்லாத தவிப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். ஆனால் ஒவ்வொரு தடவை எழும் ஆசையும் சில நிமிஷத்தில் இறங்கிவிடும். ஆகவே நாள் முழுக்க யாரும் உங்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அந்த மூன்று நான்கு நேரங்களுக்கு ஆள் இருந்தால் போதும். விடும் தேதியைக் குறிக்கும்போது, இரண்டாம் மூன்றாம் நாள் கல்யாண வீட்டிலோ சனிக்கிழமைக் கூட்டத்திலோ போய் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: யாரைப் பிடிப்பது?

ஏற்கெனவே விட்டவர்தான் முதல் தேர்வு. இதில் எனக்கு இரண்டு கருத்தே இல்லை. விட்டு ஒரு வருஷமாவது ஆன ஒருவர் உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் கட்டாயம் இருப்பார். தேசியச் சேவையில் கூட இருந்தவர், கோயில் தொண்டில் பார்க்கிறவர், மைத்துனர், முன்னாள் சக ஊழியர் என்று யோசித்துப் பாருங்கள். விட்டவர்கள் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. "அண்ணே, நீங்க முன்னாடி சிகரெட் குடிப்பீங்கல்ல?" என்று நீங்களாகக் கேட்டால்தான் தெரியவரும்.

உங்களோடு சேர்ந்து விடுகிறவர் இரண்டாவது. நல்ல துணை, ஆனால் அவர் மறுபடி பற்றவைத்தால் உங்களையும் இழுத்துவிடக்கூடும். "ஒருத்தர் விழுந்தாலும் மத்தவர் நிறுத்தக் கூடாது" என்று ஆரம்பத்திலேயே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

மனைவி, கணவர், அம்மா மூன்றாவது. அவர்களுக்கு அக்கறை அதிகம், அதனாலேயே கண்காணிப்பும் அதிகம். சட்டையை முகர்ந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து நாம் உண்மையைச் சொல்ல மாட்டோம். அவர்களிடம், "ஒரு வாரம் எரிஞ்சு விழுவேன், தூக்கம் வராது, பசி ஜாஸ்தியாகும், கோச்சுக்காதீங்க" என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.

கூட்டாக விடுவது நமக்குப் புதிதும் இல்லை. சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். நாளுக்கு ஒரு பாக்கெட் பிடித்தவர் விரதம் முடியும்வரை தொடுவதில்லை. சுற்றியிருப்பவர்கள் அவரைச் 'சாமி' என்கிறார்கள். சாமியிடம் யாரும் சிகரெட்டை நீட்டுவதில்லை. சாயங்காலம் பஜனைக்குப் போனால் அவரைப் போலவே விட்ட பத்துப் பேர் அங்கே இருக்கிறார்கள். தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் விரதம் இருப்பவர்களும் இப்படித்தான். மாலையைக் கழற்றியதும் பலர் திரும்பிப் போகிறார்கள். மன உறுதி ஒரே நாளில் எங்கேயும் போய்விடாது, கூட்டம்தான் கலைந்துவிடுகிறது. இந்த வருஷம் மாலை போடுகிறவராக இருந்தால், கழற்றிய பிறகும் தினம் பேசிக்கொள்ள ஒரு சாமியைப் பிடித்து வையுங்கள்.

படி 3: என்னவென்று கேட்பது?

நான் சிக்கிக்கொண்ட இடம் இதுதான். இதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

"சிகரெட்டை விடுறேன், சப்போர்ட் பண்ணுங்க" என்று அனுப்பினால், "சூப்பர் பா, உன்னால முடியும்" என்று பதில் வரும். கட்டைவிரல் படமும் வரும். அதோடு முடிந்தது. மூன்று மணிக்கு லிஃப்ட் வாசலில் நிற்கும்போது அந்தக் கட்டைவிரலால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லையே. நேரம், வேலை, தடை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். நான் கடைசியில் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"அண்ணே, திங்கட்கிழமைலேர்ந்து சிகரெட்டை விடுறேன். உங்ககிட்ட ஒரு உதவி. முதல் வாரம் தினம் மூணு மணிக்கு உங்களுக்குப் போன் அடிப்பேன். அஞ்சு நிமிஷம் எதையாவது பேசுங்க. சிகரெட்டைப் பத்தி மட்டும் வேணாம். எடுக்க முடியலன்னா பரவால்ல, அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டு விடுங்க. நான் குடிச்சிட்டேன்னு சொன்னா திட்டாதீங்க, 'சரி, இப்ப எங்க நிக்கிற'ன்னு மட்டும் கேளுங்க."

அந்த அண்ணன் லாரி ஓட்டுகிறவர், விட்டுப் பல வருஷம் ஆனவர். போனை எடுத்ததும் தேக்கா மார்க்கெட்டில் அன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை என்று ஆரம்பிப்பார். மீன்காரர் வெட்டிக் கொடுத்த துண்டு எவ்வளவு கனம், தலையைக் குழம்புக்கு வாங்கினாரா என்று பேச்சு ஓடும். அது முடிவதற்குள் ஆசை இறங்கியிருக்கும். ஒரு தடவைகூட "விட்டுட்டியா?" என்று கேட்டதில்லை. அவர் நடத்திய விதம்தான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கடைசி வரியை, அதாவது திட்டாதீர்கள் என்பதை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் சறுக்கிய அன்று அவரைக் கூப்பிடவே மாட்டோம்.

கருவி என்று பார்த்தால் போன் அழைப்புதான் முதலிடம், அடுத்தது வாய்ஸ் மெசேஜ். வாட்ஸ்அப் குழு வைத்தால் நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். பெரிய குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே, "இப்ப ஒண்ணு பிடிக்கணும் போல இருக்கு" என்று எழுத யாருக்கும் துணிவு வராது.

விடிகாலை ஷிஃப்ட்காரர்களுக்கு ஒரு வழி: ஐந்து மணிக்கு எழுந்தவுடன் வரும் ஆசைக்கு யாரையும் எழுப்ப முடியாது. முதல் நாள் இரவே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லி, அதைக் கேட்காமல் காலைக்கு எடுத்து வையுங்கள்.

படி 4: மஞ்சள் கட்டத்து நண்பர்களிடம் சொல்வது

அவர்களை ஒதுக்காதீர்கள். சொல்லாமல் மறைந்தால் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். "ஒரு மாசத்துக்கு என்னைக் கீழே கூப்பிடாதீங்க, கேட்டாலும் குடுக்காதீங்க. சாப்பாட்டுக்கு மட்டும் கண்டிப்பா கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மதிப்பார்கள். "அப்ப வேப்புக்கு மாறிடு" என்று ஒருவராவது சொல்வார். வேப், அதாவது மின்சிகரெட், வைத்திருப்பது, வாங்குவது, பயன்படுத்துவது எல்லாமே இங்கே 2018 முதல் சட்டவிரோதம். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 5: பயிற்சி பெற்ற ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

நண்பர் போதும், இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டத்தில் சேர்ந்தால் ஆலோசகரோடு பேசலாம். குவிட்லைன் எண் 1800 438 2000. பலதுறை மருந்தகங்கள், மருத்துவமனைகள், சில மருந்துக்கடைகள் ஆகியவற்றிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வாரியம் 28 நாளைக் கணக்காக வைக்கிறது. அதைத் தாண்டியவர்கள் ஒரேயடியாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகம் என்கிறது.

சூயிங்கம் விற்பனைக்கு இங்கே 1992 முதல் தடை இருந்தாலும், மருத்துவப் பயனுள்ளவற்றுக்கு 2004 முதல் விலக்கு உண்டு. நிக்கோட்டின் கம் வேண்டுமென்றால் மருந்தாளரிடம் கேளுங்கள். எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவர்களுக்குப் பொதுவாக 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. இதைச் சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒதுக்கி வைத்தபடியே போனிலும் பேசலாம். கோப்பியோ ஜூஸோ குடித்த கால் மணிக்குள் போட்டால் நிக்கோட்டின் சரியாக உள்ளே போகாது. ஆகவே பிரேக்கில் முதலில் கம், அப்புறம் போன், கடைசியில்தான் கோப்பி.

கோப்பி என்றதும் இன்னொன்று. சிகரெட் புகை, உடம்பு காஃபீனை வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. விட்டதும் அந்த வேகம் குறைவதால், அதே கோப்பி ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்துப் பலர் மறுபடி பற்றவைக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் கோப்பியைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது 'கோப்பி போ' (திடம் குறைந்த கோப்பி) சொல்லுங்கள். இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டி வரும். தினசரி மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் சிகரெட்டை விடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 6: சறுக்கினால்

ஒன்று பிடித்துவிட்டால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, அந்த ஆளைக் கூப்பிடுங்கள். மீதிப் பாக்கெட்டைப் போன் பேசிக்கொண்டே தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். "இனிமே அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளுவதுதான் ஆபத்து.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"தங்குவிடுதியில் இருக்கிறேன், அறையில் எல்லாரும் குடிக்கிறார்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இதை நான் யோசித்திருக்கவில்லை. அறையில் ஆள் கிடைக்காவிட்டால் ஊரில் ஒருவரைப் பிடியுங்கள். நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு பதினோரு மணிக்கு அங்கே எட்டரைதான், அண்ணனோ நண்பனோ விழித்திருப்பார்கள். தூங்கப் போகும் முன் வரும் ஆசைக்கு இது நன்றாகவே உதவுகிறது என்று அவரே பிறகு எழுதினார்.

"நான் குடிப்பதே வீட்டில் தெரியாது, யாரிடம் சொல்வது?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். பெண்களுக்கு இந்தப் பதிவின் இரண்டாம் படி அவ்வளவு எளிதில்லை என்பது உண்மை. அப்படியானால் ஐந்தாம் படியிலிருந்து தொடங்குங்கள், குவிட்லைனில் பேசும் ஆலோசகரே உங்கள் முதல் ஆளாக இருக்கட்டும். அழைத்ததும் எந்த மொழியில் பேச வசதி, எந்த நேரத்தில் திரும்ப அழைத்தால் வீட்டில் சங்கடம் வராது என்பதைச் சொல்லிவிடுங்கள்.

"துணைக்கு இருந்தவரே மறுபடி ஆரம்பித்துவிட்டார்" என்றும் ஒருவர் எழுதினார். அவரை விட்டுவிடாதீர்கள், ஆனால் உங்கள் மூன்று மணி அழைப்பை வேறொருவருக்கு மாற்றுங்கள். முதலிலேயே இரண்டு பேரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் இந்த மாதிரி நேரத்தில் உதவும். பழைய துணைக்கு அவருடைய கஷ்டமான நேரம் எது என்று கேட்டு, அந்த நேரத்துக்கு நீங்கள் போன் அடியுங்கள்.