மெஸ்ஸில் தட்டு நீட்டப்படும்போது: வெளியே சாப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை அசைவ மெஸ்களில் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் ஒருவர் பெரிய தட்டோடு வந்து நிற்பார். தட்டு நிறையச் சின்னக் கிண்ணங்கள்: மட்டன் சுக்கா, ஈரல், குடல், தலைக்கறி, கோலா உருண்டை, காடை, வஞ்சிர வறுவல். "என்ன வைக்கட்டும்?" என்பார். பசியோடு உட்கார்ந்திருக்கிற நான்கு பேரும் ஆளுக்கொன்றைக் கை காட்டுவார்கள். சாப்பாட்டு விலையை வாசலிலேயே பலகையில் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள், பில் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பில்லில் சாப்பாடு கால் பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் அந்தத் தட்டிலிருந்து இறங்கியவை.

இதில் கடைக்காரர் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. விலையைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பது பெரும்பாலும் வெளியூர்க்காரர்களும் குடும்பத்தோடு வருபவர்களும். உள்ளூர் ஆள் சுக்காவைத் தொடும் முன்பே "இது எம்புட்டுண்ணே?" என்று கேட்டுவிடுவார். சப்ளையரும் முகம் சுளிக்காமல் சொல்வார். மீன், நண்டு, இறாலுக்குக் கட்டாயம் கேட்க வேண்டும். சந்தை விலை மாறுவதால் பல கடைகளில் இவற்றுக்குப் பலகையில் விலையே எழுதியிருக்காது. அயிரை மீன் குழம்பும் அப்படித்தான். பிளேட்டில் எத்தனை துண்டு, பாதி பிளேட் உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அசைவச் சாப்பாடு என்றால் கறிக் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு எல்லாம் சாப்பாட்டோடு சேர்ந்தே வரும். சில கடைகளில் நண்டுக் குழம்பும் ஊற்றுவார்கள். ஒவ்வொன்றாக வாங்கிப் பிசைந்து, ரசம், மோர் வரைக்கும் போனால் வயிறு நிறைந்துவிடும். அதனால் நான்கு பேருக்கு இரண்டு சைடு டிஷ் வாங்கிப் பங்கிட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் மூன்றாவதைக் கேட்பதுதான் கணக்கு. எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்கிறவர்கள் கடைசியில் ரசத்துக்கு இடமில்லாமல் எழுந்திருக்கிறார்கள். என் கட்சி, ரசத்தை விட்டுவிட்டு எழுவதுதான் அந்த மேசையில் நடக்கிற பெரிய நஷ்டம்.

நேரம் தெரியாமல் போவது

மீனாட்சி அம்மன் கோயிலில் பகல் 12.30 மணிக்கு நடை சாத்துவார்கள். மறுபடி மாலை 4 மணிக்குத்தான் திறப்பு. உச்சி வேளை வரை உள்ளே இருந்த கூட்டம் அத்தனையும் ஒரே நேரத்தில் சித்திரை வீதிக்கும் மாசி வீதிக்கும் டவுன்ஹால் ரோட்டுக்கும் வந்து கொட்டும். ஒரு மணிக்கு அங்கே எந்தக் கடைக்குப் போனாலும், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் எப்போது எழுவார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவருக்கும் அது சாப்பாடாக இருக்காது. 12 மணிக்கே வெளியே வந்துவிடலாம். இல்லையென்றால் ஒரு ஜிகர்தண்டாவைக் குடித்துவிட்டு 2 மணிக்கு மேல் போகலாம். ரொம்பவும் பிந்திப் போனால் குழம்பு தீர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கடைக்கு ஒரு வேளை உண்டு. அந்த வேளைக்கு ஒரு பண்டம் உண்டு. பரோட்டாக் கடையின் உயிர் பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். கல்லில் கரண்டிகள் அடிக்கத் தொடங்கிய பிறகு சாப்பிடுகிற கொத்துப் பரோட்டாவும், மதியம் கட்டாயப்படுத்திக் கேட்டு வாங்குவதும் ஒன்றல்ல. சிம்மக்கல் பக்கம் பேர்போன கறி தோசையும் பெரும்பாலும் மாலை, இரவுப் பண்டம்தான். தோசைமேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி என்று அடுக்கியிருப்பதால் பார்ப்பதைவிடக் கனம். ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் பாதியில் விடுவதைவிட, இருவருக்கு ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்லலாம். புரட்டாசியில் அசைவக் கடைகளில் கூட்டம் குறைவு, தட்டில் அயிட்டமும் குறைவு. அந்த மாதத்தில் போய்விட்டுக் கடையைக் குறை சொல்வது நியாயமில்லை.

பெயரைப் பார்த்து நுழைவதும் ஒரு தவறு. ஒரு கடை பேர் வாங்கிவிட்டால், அதே பெயருக்கு முன்னால் "நியூ" என்றோ "ஒரிஜினல்" என்றோ சேர்த்து நாலு பலகை முளைப்பது இங்கே சகஜம். ஆட்டோவில் ஏறி வெறும் பெயரைச் சொல்லாதீர்கள். தெருவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள்

பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவைச் சைவம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பல கடைகளில் அது எலும்பும் கறியும் வெந்த சாறு. மேலே துண்டு மிதக்காததால் சைவமாகிவிடாது. "வெஜ் சால்னா இருக்கா, இல்லேன்னா வெஜ் குருமாவாவது இருக்கா?" என்று கேட்பதோடு, ஆம்லெட் போடுகிற கல்லிலேயே தோசையும் ஊற்றுகிறார்களா என்பதையும் கேளுங்கள். அது ஒப்பாதவர்கள் சைவ ஓட்டலுக்கே போய்விடலாம். ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. நிலக்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குருமாவில் முந்திரி அரைத்திருக்கலாம், சட்டினியில் கடலை இருக்கலாம், பொரித்தது கடலெண்ணெயாக இருக்கலாம். இதைச் சப்ளையரிடம் கேட்டு நின்றுவிடாமல், கல்லாவில் இருப்பவரிடமோ மாஸ்டரிடமோ கேட்க வேண்டும்.

பில்லைப் பார்க்காமல் காசு கொடுப்பது

சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். பில்லில் அது 2.5, 2.5 என்று இரண்டாகப் பிரிந்து வரும். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் உணவகங்கள், விற்றுமுதலில் ஒரு சதவீதக் கணக்கில் வரி கட்டும் காம்பொசிஷன் என்ற எளிய திட்டத்தில் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர்கள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். எண் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். கடை எந்த வகை என்று அதிலேயே காட்டும்.

சேவைக் கட்டணம் வேறு. மெஸ்ஸில் அந்தப் பேச்சே கிடையாது. மால், பெரிய ரெஸ்டாரண்ட் பக்கம்தான் வரும். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. "இதை எடுத்துடுங்க" என்று சொன்னால் போதும். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் சண்டைக்குப் போகும் முன் யோசிக்க வேண்டும். ஓட்டலில் உட்கார வைத்துக் கொடுக்கும் பாட்டிலுக்கு எம்ஆர்பியைவிடக் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெட்டிக்கடையிலோ பஸ் ஸ்டாண்டுக் கடையிலோ கையில் வாங்கிக்கொண்டு நடப்பதற்கு அந்தச் சலுகை இல்லை. ஓட்டலில் தம்ளர் தண்ணீர் கேட்டால் தருவார்கள். கேட்காததால்தான் பாட்டில் மேசைக்கு வருகிறது.

வழியில் சாப்பிடும்போது

மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறுகிறவர்கள் செய்கிற தவறு, "வழியில நிப்பாட்டுவான், பாத்துக்கலாம்" என்று வெறும் வயிற்றோடு ஏறுவது. பஸ் எந்த மோட்டலில் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. வேறு கடை பக்கத்தில் இருக்காது, நேரமும் இருக்காது. விலையும் ருசியும் அதற்கேற்றபடிதான் இருக்கும். நடுராத்திரியில் அங்கே எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால், கண்ணெதிரே கல்லில் ஊற்றும் தோசை, கொதிக்கும் டீ, வாழைப்பழம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். சாயங்காலமே செய்து வைத்த பிரியாணி, வெட்டி வைத்த பழம், முன்பே கரைத்து வைத்த சட்டினி வேண்டாம். சூடாகவும் இல்லாமல் குளிராகவும் இல்லாமல் கிடக்கும் உணவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். இறங்கும்போது எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வதும் பஸ் நம்பரை செல்போனில் படம் பிடித்துக்கொள்வதும் நல்லது. ஒரே நிறத்தில் ஆறு பஸ் வரிசையாக நிற்கும்.

பார்சல் வாங்கிப் போவது மேல். இட்லிதான் அதற்குத் தோதானது. ஆனால் தேங்காய்ச் சட்டினி ஒரு சில மணி நேரத்தில் புளித்துவிடும். "சட்டினி வேணாண்ணே, பொடியும் எண்ணெயும் வைங்க" என்று சொல்லுங்கள். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கட்டித் தந்தால் வாங்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கும் உணவு கட்டும் தாள்களுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. வடையையும் பரோட்டாவையும் நேராகச் செய்தித்தாளில் சுற்றினாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். எண்ணெயோடு அச்சு மையும் சேர்ந்து வரும். பையில் ஒரு சின்னத் தூக்கு இருந்தால் பாத்திரத்தில் ஊற்றித் தர எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள். கவரைவிடக் கொஞ்சம் கூடவே ஊற்றுகிற கடைகளும் உண்டு.