பலகையில் படம் பதிக்க, கடைசி ஃபிரேமிலிருந்து ட்ராக் செய்யுங்கள்

கமரா பெயர்ப்பலகையை நெருங்கிப் போகும் காட்சியில் வேறொரு படத்தைப் பதிக்க வேண்டுமா? முதல் ஃபிரேமில் தொடங்காதீர்கள். பலகை பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும் கடைசி ஃபிரேமுக்குப் போய், நான்கு மூலைகளிலும் புள்ளி வைத்துப் பின்னோக்கி ட்ராக் செய்யுங்கள்; அதாவது, அந்தப் புள்ளிகளின் நகர்வை மென்பொருள் ஃபிரேம் ஃபிரேமாகப் பின்தொடரட்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் ட்ராக் வகையை 'பெர்ஸ்பெக்டிவ் கோர்னர் பின்' ஆக்கி, 'அனலைஸ் பேக்வேர்ட்' பட்டனை அழுத்துங்கள்.

தூரத்தில் பலகை சில பிக்சல்கள்தான். அங்கே அரைப் பிக்சல் பிசகினாலும், கிட்ட வரவர அது பெருத்து, படம் பலகையை விட்டு வழுக்கும். பின்னோக்கிப் போனால் பிசகும் பலகையோடு சேர்ந்து சிறுத்துவிடும்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கக் காட்சிகளில், பின்னால் தெரியும் தேயிலைச் செடிகளில் புள்ளி வைக்கவே வேண்டாம். எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருப்பதால் ட்ராக்கர் பக்கத்துச் செடிக்குத் தாவிவிடும். ட்ராக்கர் புள்ளியைத் தேடும் பெட்டியையும் சிறிதாகவே வையுங்கள்.

மூலையொன்று ஃபிரேமுக்கு வெளியே போனாலோ கிளை குறுக்கிட்டாலோ இந்த வழி சரிவராது. அப்போது, பலகையின் முழுப் பரப்பையும் பின்தொடரும் மோக்கா என்ற ட்ராக்கிங் மென்பொருள் பொருத்தம். பனிமூட்டம் முற்றாக மூடிய ஃபிரேம்களுக்குக் கையால்தான் கீஃபிரேம் (அந்த ஃபிரேமில் படம் இருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் அடையாளம்) வைக்க வேண்டும்.