சரக்கு வண்டிக் கூண்டின் உள்பலகையைக் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டு வீடியோக்களில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சரக்கு டிரெய்லரைத்தான் பெரும்பாலும் கேம்பராக, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியாக, மாற்றிக் காட்டுகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கைக்குக் கிடைப்பது மினி லாரி மேல் ஏற்றிய மூடிய கூண்டு. அடியில் சக்கரம் எப்படி இருந்தாலும் பெட்டியின் உடம்பு ஒன்றுதான். வெளியே 0.8 முதல் 1.2 மி.மீ. வரை தடிப்புள்ள அலுமினியத் தகடு அல்லது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. நடுவில் ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒன்றாக நிறுத்திய இரும்புச் சதுரக் குழாய்க் கால்கள். உள்ளே 6 முதல் 12 மி.மீ. வரையிலான பிளைவுட். இந்த மூன்றில் எளிதாக மாற்றக்கூடியது பிளைவுட். ஆனால் அவசரமாகக் கழற்றினால் பாழாவது மற்ற இரண்டும்தான். நெளிந்துபோன வெளித்தகட்டை முன்போல் மட்டமாக்குவது பட்டறைக்கும் கடினம்.

முதல் தவறு, கழற்ற வேண்டுமா என்று யோசிக்காமலே கழற்றுவது. செட்டிநாட்டு வெயில் கூண்டுக்குள் இறங்குவது முதலில் கூரை வழியாக. இங்குள்ள பழைய வீடுகளில் தடித்த சுவர், உயர்ந்த கூரை, சூட்டை மேலே அனுப்பிவிட நடுவில் வளவு என்னும் திறந்த முற்றம் என்று மூன்று ஏற்பாடு உண்டு. தகரப் பெட்டியில் மூன்றுமே கிடையாது. அதனால் மேற்கூரைப் பலகையைக் கழற்றி அடியில் வெப்பத்தடுப்பு வைப்பதைத் தவிர்க்க முடியாது. சுவர் அப்படியல்ல. பிளைவுட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டு, கீழ் ஓரத்தில் நீர்க்கறையோ கரையான் மண்ணோ இல்லாமல், அந்தப் பக்கம் ஜன்னலும் வெட்டப்போவதில்லை என்றால் அதை அப்படியே விடலாம். ஏசி வைப்பதாக இருந்தாலும், பலகை உப்பியிருந்தாலும், கீழ் ஓரம் விரலுக்கு அமுங்கினாலும் கழற்றத்தான் வேண்டும்.

மீன், ஐஸ்கிரீம், பால் ஏற்றிய பழைய பஃப் கூண்டாக (சுவருக்குள் பாலியூரிதேன் நுரை அடைத்த கூண்டு) இருந்தால் உள்பலகையில் கையே வைக்காதீர்கள். அதில் உள்தகடு, நடுவிலுள்ள நுரை, வெளித்தகடு மூன்றும் ஒட்டி ஒரே பலகையாக நிற்கின்றன. உள்ளே தனிக் கால்கள் இல்லாத கூண்டுகளும் உண்டு. அவற்றில் உள்தகட்டை உரித்தால் சுவரின் பலமே போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து கிரைண்டர் பொறி. பாலியூரிதேன் நுரை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். மூடிய பெட்டிக்குள் அது உயிருக்கே உலை. பஃப் கூண்டு ஏற்கெனவே வெப்பம் தாங்குவதற்காகச் செய்தது. உள்ளே கழுவி, வாடையைப் போக்கி, அப்படியே பயன்படுத்துவதுதான் சரி.

சட்டமும் முதல் ஸ்க்ரூவுக்கு முன்பே வந்துவிடுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது. கேரவன் வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. சரக்கு வண்டியைத் தங்கும் வண்டியாக்குவது வண்டியின் வகையையே மாற்றும் காரியம் என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, அளக்காமல் தொடங்குவது. உள்பலகை வெறும் மறைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நான்கு மரச்சட்டங்களை ஆணியடித்துச் சதுரமாக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்சதுரமாகிவிடும். அதன்மேல் ஒரு பலகையை அறைந்தால் அசையாது. கூண்டிலும் பிளைவுட் அந்த வேலையைத்தான் செய்கிறது. சன்னமான குழாயால் கட்டிய கூண்டில் இரண்டு சுவரையும் கூரையையும் ஒரே நாளில் உரித்துவிட்டு, மேடுபள்ளத்தில் பட்டறை வரைக்கும் ஓட்டிப் போனால் கூண்டு சரியும். பிறகு பின்கதவின் தாழ்ப்பாள் அதன் துளையில் விழாது. வேலை தொடங்கும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின்வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து கதவிலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள். ஒரு சுவரைக் கழற்றியதும் கால்களுக்குக் குறுக்கே, கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்கு, ஒரு சட்டத்தைச் சாய்வாக முடுக்குங்கள். பிறகே அடுத்த சுவர். தினமும் வேலை முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் மேற்கொண்டு எதையும் கழற்றாமல் முட்டுக் கொடுத்துச் சரிசெய்யுங்கள். கழற்றிய நிலையில் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

எந்தப் பலகை முதலில் என்பதைக் கூண்டே சொல்லும். கடைசியாகப் பொருத்தியது முதலில் வர வேண்டும். பெரும்பாலும் ஓரப்பட்டிகள், பிறகு கூரை, பிறகு சுவர் என்ற வரிசைதான். ஆனால் சில கூண்டுகளில் கூரைப் பலகையின் விளிம்பு சுவர்ப்பலகைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அங்கே கூரையை முதலில் இழுத்தால் விளிம்பு பிளந்துவிடும். மூலையில் டார்ச் அடித்து எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட், 12 மி.மீ. என்றால் 20 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கூரைப் பலகையின் கடைசி ஸ்க்ரூவை எடுக்கும் முன் அடியில் இரண்டு முட்டுக்கால் நிறுத்தி, கூட ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூவில்தான் பொறுமை போகும். தலைப்பள்ளத்தில் பெயின்டும் தூசியும் அடைத்திருக்க, அதன்மேலேயே பிட்டை வைத்து டிரில்லை அழுத்துவார்கள். பிட் வழுக்கும், பள்ளம் வட்டமாகிவிடும், பிறகு அந்த ஸ்க்ரூ எதற்கும் மசியாது. ஒவ்வொன்றையும் குத்தூசியால் சுரண்டிச் சுத்தம் செய்து, பொருந்தும் பிட்டை வைத்து, சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டிரில்லை மெதுவான வேகத்தில் வைத்துத் திருப்புங்கள். துருவிளக்கி எண்ணெயைத் தலைமேல் அடிப்பதில் பயனில்லை. துரு பிடித்திருப்பது பலகைக்குப் பின்னால், குழாயைத் துளைத்த மரையில். எண்ணெய் அங்கே போய்ச் சேராது, பிளைவுட்தான் குடிக்கும். அடித்துத் திருப்பும் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர் பயன்படும். அதற்கும் வராவிட்டால் தலையை மட்டும் துளையிட்டு எடுங்கள். பலகை வந்தபின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பினால் வந்துவிடும்.

துளையிடும்போது எல்லாரும் மறப்பது ஆழம். 25 மி.மீ. குழாய்க்கு வெளியே நேராக வெளித்தகடு. பலகையைத் தாண்டிப் பாயும் நீளப் பிட் அந்த 25 மி.மீ.ஐ ஒரே நொடியில் கடந்து, வெளியே ஓட்டை போட்டுவிடும். 5 மி.மீ. பிட்டின்மேல் சிறு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகி, நுனி 8 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். மூன்று ரூபாய்க் குழாய் ஒரு முழுத் தகட்டைக் காப்பாற்றும்.

பாப் ரிவெட்டில் வேறு பிரச்சினை. ரிவெட்டின் நடுவில் எஃகு ஊசி ஒன்று இருக்கிறது. அதன்மேல் பிட்டை வைத்தால் பிட் நழுவி பக்கத்துத் தகட்டைக் கீறும், அல்லது ரிவெட்டே சேர்ந்து சுழலும். முதலில் 3 மி.மீ. பஞ்சால் ஊசியை உள்ளே தட்டிவிடுங்கள். பிறகு 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 5 மி.மீ. பிட்டால் தலையை மட்டும் எடுங்கள். தலை வளையமாகப் பிட்டிலேயே வந்துவிடும். சுழன்றால் தலைக்கு அடியில் புட்டி பிளேடின் ஓரத்தைச் செருகிப் பிடித்துக்கொள்ளலாம்.

கடப்பாரையை எடுக்கும் ஆசை வருவது பசையிடம்தான். ஸ்க்ரூ எல்லாம் வந்துவிட்டது, பலகை மட்டும் வரவில்லை என்றால் பின்னால் பசை இருக்கிறது. எந்தப் பசை என்று தெரிந்துகொள்வது பாதி வேலை. பலகையின் ஒரு மூலையைச் சிறிதாக வெட்டிப் பார்த்தால் தெரியும். மஞ்சள் கலந்த, நூலாக இழுபடும் பசை என்றால் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற கான்டாக்ட் பசை. அது சூட்டில் இளகும். கருப்பாக, ரப்பராக, தடித்த கோடாக இருப்பது பி.யூ. என்னும் பாலியூரிதேன் பசை. அது சூட்டுக்கு அவ்வளவாக மசியாது, அறுக்கத்தான் வேண்டும்.

கான்டாக்ட் பசைக்கு நம் வெயிலையே பயன்படுத்தலாம். வண்டியைத் தெற்கு வடக்காக நிறுத்துங்கள். சூரியன் ஏறும் முன் ஸ்க்ரூ வேலை. எட்டரை மணிக்கெல்லாம் கிழக்குத் தகடு கை வைக்க முடியாதபடி சுடத் தொடங்கும். அப்போது உள்ளே இருந்து அகன்ற புட்டி பிளேடைக் காலுக்கும் பலகைக்கும் நடுவே தள்ளிக்கொண்டே போகலாம், ஹீட் கன் அரை நேரத்துக்குப் போதும். பத்தரைக்குள் நிறுத்திவிடுங்கள். சித்திரை, வைகாசியில் மூடிய தகரக் கூண்டுக்குள் நண்பகலில் வேலை செய்வது வெப்ப அதிர்ச்சியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வது. பின்கதவை முழுக்கத் திறந்து, ஒரு மின்விசிறியை வாசலில் வையுங்கள். மேற்குச் சுவரை நாலு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

பி.யூ. பசைக்கு கார் முன்கண்ணாடி மாற்றுகிறவர்கள் பயன்படுத்தும் அறுப்புக் கம்பியை வாங்குங்கள். இரண்டு முனையிலும் மரக் கைப்பிடி கட்டி, இருவர் மாறி மாறி இழுத்தால் பசைக்கோடு அறுந்துகொண்டே வரும். கையுறை கட்டாயம். கடப்பாரையைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் அதன் முட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கால்மேல் ஒரு மரத்துண்டை வைத்து அதில்தான் ஊன்ற வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே ஊன்றினால் கடப்பாரை நிற்பது வெறும் தகட்டில். வெளியே புடைத்த அந்த இடம் பிறகு டப் டப்பென்று உள்ளும் வெளியுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். ஓடும்போது சத்தம், நாளடைவில் விரிசல். வெளித்தகட்டையும் பசையால்தான் காலோடு ஒட்டியிருக்கிறார்கள் என்றால் அந்தக் கோட்டைக் கீறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையை வட்ட ரம்பத்தால் துண்டாக்கி எடுப்பது தவறில்லை, பல நேரம் அதுவே நல்லது. ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிப்பைவிட ஒரு மி.மீ. குறைத்து வைத்து, மிச்சத்தைக் கத்தியால் கீறுங்கள். பின்னால் பக்க விளக்கு, டெயில் லேம்ப், கூண்டு விளக்கு ஒயர்கள் ஓடுகின்றன. அவை எங்கே ஓடும் என்பதற்கு எந்த ஒழுங்கும் கிடையாது. பாதியில் சரிவாகவும் போகும். முன்னதாகவே பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஒயரின் நிறத்தை நம்பி இணைப்பைப் பிரிக்காதீர்கள். பழுது பார்த்தவர்கள் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதுங்கள்.

பலகைக்குப் பின்னால் கண்ணாடிப் பஞ்சு இருந்தால் முழுக்கைச் சட்டை, பாதுகாப்புக் கண்ணாடி, என்-95 முகமூடி. நனைந்த பஞ்சு மறுபடி பயன்படாது.

கழற்றிய பலகையை உடனே எரித்துவிடுவதும் ஒரு தவறு. பழைய வீடு பிரிக்கும்போது தூணுக்கும் உத்தரத்துக்கும் எண் போட்டு அடுக்குவது போல, ஒவ்வொரு பலகைக்கும் பின்புறத்தில் எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் போட்டு வையுங்கள். சக்கர மேடு, விளக்குத் துளை, மூலை வளைவு எல்லாம் அதில் அச்சாக இருக்கின்றன. உளுத்துப்போன பலகைகூடப் புதியதை வெட்ட நல்ல மாதிரி. புதிய பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். ஐ.எஸ். 303 பொதுப்பயன்பாட்டுக்கானது.

உரித்து முடித்ததும் நேராக வெப்பத்தடுப்பை ஒட்டத் தொடங்குவது எல்லாவற்றிலும் வருத்தம் தரும் தவறு. ஒழுகலைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல நேரம் இனி வராது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்க, இன்னொருவர் ஹோஸ் குழாயைச் சாதாரண வேகத்தில் பிடிக்கட்டும். கீழ் இணைப்பிலிருந்து மேலே, இணைப்புக்குப் பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இணைப்பிலும் வழிந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாமல் போகும். வாட்டர் வாஷ் பம்ப்பும் வேண்டாம். மழை போகாத இடத்துக்கெல்லாம் அது தண்ணீரைத் திணிக்கும். கண்டுபிடித்த இடத்தை வெளியிலிருந்தே அடையுங்கள். உள்ளே சிலிக்கான் அப்பினால் தண்ணீர் வெளித்தகட்டுக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் தங்கிக் குழாயைத் தின்னும். கால்களில் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, முழுதாகக் காயவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இதை முடிப்பது நல்லது.

பிளாஸ்டிக் ஷீட் விஷயத்தில் வெளிநாட்டு வழிமுறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குளிர்நாட்டில் ஈரம் உள்ளேயிருந்து வெளியே போய் குளிர்ந்த தகட்டில் முத்து முத்தாய்ப் படியும். அதனால் உள்பலகைக்குப் பின்னால் ஷீட் விரிப்பார்கள். இங்கே ஏசி ஓடும்போது வெளிக்காற்றுதான் சூடும் ஈரமும். அது உள்நோக்கி வந்து, குளிர்ந்த ஷீட்டின் பின்பக்கத்தில் நீராகி, பிளைவுட்டுக்குப் பின்னாலேயே தேங்கும். ஷீட்டைத் தவிர்த்து, எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகையைத் தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டி, ஓரங்களைப் பி.யூ. ஃபோமால் அடைப்பது இங்கே பொருந்தும்.

மூடும் முன் கால்களின் அடிப்பள்ளத்தில் காந்தத்தை ஓட்டி எடுங்கள். உள்ளே தட்டிவிட்ட ரிவெட் ஊசிகளும் உடைந்த ஸ்க்ரூ முனைகளும் அங்கேதான் விழுந்து கிடக்கும். விட்டால் ஓடும்போதெல்லாம் சலசலக்கும், அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்து அரிக்கும். பிறகு தரையிலிருந்தும் பின்கதவுக் காலிலிருந்தும் டேப்பை விரித்து வைத்து, ஒவ்வொரு கால், ஒவ்வொரு ஒயர் எந்த அளவில் இருக்கிறது என்று தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்கு ஸ்க்ரூ போடும் நாளில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல அந்தப் படங்கள் மட்டும்தான் இருக்கும்.