சதுரங்கத்தின் இங்கிலிஷ் ஓப்பனிங்: டி5 குதிரையைக் குறிவைத்து ஆடுவது எப்படி

வெள்ளை சி4 ஆட, கறுப்பு இ5 என்று பதில் சொன்னால், நிறம் மாறிய சிசிலியன்தான் (இ4-க்குக் கறுப்பு சி5 என்று ஆடும் தற்காப்பு, இங்கே வெள்ளையின் கையில்) பலகையில் இருக்கும். வெள்ளைக்கு ஒரு நகர்வு கூடுதல். அந்த ஒரு நகர்வு எங்கே பலன் தருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் வரிசையை மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

1. சி4 இ5 2. குதிரை சி3 குதிரை எஃப்6 3. குதிரை எஃப்3 குதிரை சி6 4. ஜி3 டி5 5. சி×டி5 குதிரை×டி5 6. மந்திரி ஜி2. (× என்றால் வெட்டு; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் கறுப்பின் நகர்வு.)

டி5 குதிரைக்கு ராணி மட்டுமே காவல். எஃப்3 குதிரை விலகினால் ஜி2 மந்திரியும் அதைத் தாக்கும். 6...மந்திரி இ7 7. கேஸ்ட்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) என்று போனபின் கறுப்பும் கேஸ்ட்லிங் செய்தால் தவறு: 8. குதிரை×இ5! 8...குதிரை×இ5 என்றால் 9. குதிரை×டி5, ஒரு சிப்பாய் லாபம். 8...குதிரை×சி3 என்றால் அவசரப்பட்டு சி3-இல் வெட்டாதீர்கள். இ5 குதிரை போய்விடும். சரியானது 9. குதிரை×சி6! குதிரை×டி1 10. குதிரை×டி8. இப்போது டி1 குதிரை சாகுமுன் பி2 அல்லது எஃப்2 சிப்பாயை வெட்டும். உடனே அதைப் பிடிக்காமல் முதலில் குதிரை×பி7 ஆடினால்தான் சிப்பாய் கணக்கு உங்கள் பக்கம் நிற்கும்.

6...மந்திரி சி5-க்கு இந்தத் தந்திரம் பலிக்காது. இ5-ஐ வெட்டினால் மந்திரி×எஃப்2 செக் காத்திருக்கிறது. 2018 உலக சாம்பியன்ஷிப்பின் 4-வது ஆட்டத்தில் கார்ல்சனுக்கு எதிராகக் கறுப்பில் கருவானா இப்படி ஆடினார். கார்ல்சன் இ5-ஐத் தொடாமல் 8. டி3 என்றார்.

கறுப்பின் நல்ல பதில் 6...குதிரை பி6. இனி ஆட்டம் ராணிப் பக்கம்: 7. கேஸ்ட்லிங் மந்திரி இ7 8. ஏ3 கேஸ்ட்லிங் 9. பி4 மந்திரி இ6 10. யானை பி1. பி5 வந்தால் இ5-ஐக் காக்கும் சி6 குதிரை விரட்டப்படும். அதனால்தான் கறுப்பு எஃப்6 ஆடும். பிறகு டி3, மந்திரி இ3, குதிரை இ4 என்று சி5 கட்டத்தைப் பிடியுங்கள்.

காரணமின்றி இ3 ஆட வேண்டாம். இ2 சிப்பாயின் காவல் போய், டி3 சிப்பாய் பாதி திறந்த டி ஃபைலில் (கறுப்புச் சிப்பாய் இல்லாத நெடுவரிசையில்) பலவீனமாகி நிற்கும். கறுப்பு ராணி டி7, மந்திரி எச்3 என்று ஜி2 மந்திரியை மாற்றிக்கொள்ளப் பார்த்தால், யானையை முன்பே இ1-க்கு நகர்த்தி வையுங்கள். மந்திரி எச்3 வந்ததும் உங்கள் மந்திரி எச்1-க்குப் பின்வாங்கும். அந்த மந்திரி போனால் மூலைவிட்டமும் போகும், ராஜாவைச் சுற்றியுள்ள வெள்ளைக் கட்டங்களும் காவலிழக்கும்.