வயதைக் காட்டி ஒதுக்க விடாதீர்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுப் பெரியவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதற்கு முன் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். வயது மட்டும் போதாது. போன வாரம் வரை எப்படி இருந்தார் என்பதுதான் முக்கியம். 2021 இரண்டாம் அலையில் என் பெரியம்மாவுக்கு நான் எழுதியது: “வயது 78. தானே சமைப்பார், மாடி ஏறுவார், தினமும் பேப்பர் படிப்பார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். நேற்று இரவிலிருந்து ஆளை மாற்றிச் சொல்கிறார். ஆக்சிஜன் 91.”

பதிவு மேசையில் இருந்தவர் “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்றார். தாளைப் படித்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பமாகவும் கொரோனா வெளிப்படும்.

இடமில்லை என்றால், “வயதைத் தவிர வேறு மருத்துவக் காரணம் உண்டா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். கொரோனாவின்போது முதியோருக்கு அனுமதியில் முன்னுரிமை தரும்படி உச்ச நீதிமன்றம் 2020-ல் அரசு மருத்துவமனைகளுக்கும், 2021-ல் தனியாருக்கும் உத்தரவிட்டது. அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். முதியோர் உதவி எண் 14567.

அப்புறம், கண்ணாடி, காது மெஷின், அதற்கு மாற்று பேட்டரி எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் போங்கள். மாஸ்க் போட்டவர் பேசுவது காது மந்தமானவருக்குப் பிடிபடாது. பதில் வராவிட்டால் நினைவு தப்பிவிட்டதென்று முடிவு கட்டிவிடுவார்கள். டாக்டர் உங்களிடமே பேசினால், “அவங்ககிட்டயே கேளுங்க டாக்டர்” என்று சொல்லுங்கள். வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையும் பெரியவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டு, அவர் சொன்னபடி தாளின் கீழே எழுதிவிடுங்கள்.