இறக்கத்தில் நகமும் தொடையும் தப்ப: காம்ரேட்ஸ் ஓட்டத்தில் என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் ஆண்டில், ஏறக்குறைய 90 கி.மீ. 12 மணி நேரக் கெடு. இறக்கம்தானே என்று அலட்சியமாக வருகிறவர்களை ஃபீல்ட்ஸ் ஹில் பதம் பார்த்துவிடும். 60 கி.மீ. தாண்டி, கால் ஓய்ந்தபின் வரும் 3 கி.மீ. சரிவு அது.

பெருவிரல் நகம் கறுத்ததற்கு ஷூ அளவை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அரை அளவு பெரிதாக வாங்கியும் கறுத்தது. குதிகால் வழுக்கி, விரல் முன்னே போய் இடித்ததுதான் கோளாறு. ஷூவின் மேல்விளிம்பில் யாரும் தொடாத கூடுதல் ஓட்டை இருக்கிறதே, அது இதற்குத்தான். கயிற்றை அதே பக்கத்து ஓட்டையில் நுழைத்துச் சிறு வளையம் விடுங்கள். நுனியை எதிர்ப்பக்க வளையத்தில் கோத்து, குதிகாலை நோக்கிக் கீழே இழுத்து முடிச்சுப் போடுங்கள். பாதத்தின் மேல்பகுதி மரத்துப்போனால் கீழே விரல் பக்கத்துக் கயிற்றைத் தளர்த்துங்கள், மேலே போட்ட முடிச்சை அல்ல. நகத்தை 4 நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்; முந்தைய இரவு வெட்டினால் ஓரம் குத்தும்.

தொடை வேறு கதை. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் இழைகள் நைந்துபோகும். பின்னால் சாய்ந்து எட்டிவைத்தால் ஒவ்வோர் அடியும் பிரேக்தான். குட்டிக் குட்டி அடியாக, காலை வேகமாக மாற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை, நீண்ட ஓட்டத்தின் கடைசியில், 400 மீட்டர் சரிவை 6 முறை இறங்கிப் பழகினேன். போட்டிக்கு 3 வாரம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.