51 வரிசையில் தொடங்கும் மஃப்ளர்

நியூசிலாந்தில் காக்காப்போ என்று ஒரு கிளி இருக்கிறது. பறக்கத் தெரியாது, இரவில்தான் நடமாடும். ஆபத்து என்றால் அப்படியே உறைந்து நின்றுவிடும். பாசிப் பச்சை இறகு அதைப் புதரோடு புதராக மறைத்துவிடும். வானத்திலிருந்து பார்க்கும் பறவையை ஏமாற்ற அது போதும்; மனிதர்கள் கொண்டுவந்த பூனைகள் மோப்பம் பிடித்தல்லவா வந்தன! 1995-இல் மிஞ்சியவை வெறும் 51. பகை விலங்குகள் இல்லாத தீவுகளில் வைத்துப் பாதுகாத்ததில் 2002-இல் 86, 2009-இல் 124, 2022-இல் 252 ஆயின.

இந்தக் கணக்கைத்தான் பின்னப்போகிறோம். ஒரு பறவைக்கு ஒரு வரிசை.

நடுத்தரத் தடிமனுள்ள கம்பளி நூல் பாசிப் பச்சையில் 250 கிராம், பழுப்பில் கொஞ்சம், 5 மி.மீ. ஊசி ஒரு ஜோடி. இவ்வளவு போதும்.

படி 1: பச்சை நூலில் 30 கண்ணி ஏற்றுங்கள். கட்டைவிரலில் நூலைச் சுற்றி ஊசியில் மாட்டும் எளிய முறையே போதும். இறுக்கிவிடாதீர்கள்.

படி 2: எல்லா வரிசையும் நிட் (நேர்ப்பின்னல்) மட்டும்தான், பர்ல் (எதிர்ப்பின்னல்) வேண்டாம். நூல் பின்பக்கம் இருக்கட்டும். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, முனையில் நூலைச் சுற்றி, அந்தச் சுற்றை முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். முதல் பத்து வரிசை கோணலாகத்தான் வரும், அப்புறம் கை பழகிவிடும்.

இரண்டு வரிசை சேர்ந்தால் ஒரு மேடு தெரியும். மேடுகளை எண்ணுவதுதான் சுலபம். பத்து மேட்டுக்கு ஒரு துண்டு நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

படி 3: 51 வரிசை முடிந்ததும், ஆண்டுகளைப் பிரிக்கும் கோடாகப் பழுப்பில் 3 வரிசை. 51 ஒற்றைப்படை என்பதால் இந்தக் கோடு மட்டும் 3. இனி நிறம் மாறுவதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். இந்த இடத்தில் மட்டும் முன்பக்கம் இரு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும். அது பிழை இல்லை, பிரிக்க வேண்டாம்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, பின்னியதை மேசையில் விரித்துப் பாருங்கள். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஓர் இனம் முழுவதும் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. எண்ணாகப் படித்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை.

படி 4: பச்சையில் 86, பழுப்பில் 2, பச்சையில் 124, பழுப்பில் 2, பச்சையில் 252. மொத்தம் 520 வரிசை, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். கடைசிப் பட்டை முடியவே முடியாதோ என்று தோன்றும். ரிமு மரம் நன்றாகக் காய்க்கும் ஆண்டில்தான் இந்தக் கிளி முட்டையிடும்; அதுவும் இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. அந்தப் பொறுமை நம் கைக்கும் வேண்டும்.

படி 5: நூல் நுனிகளை மேடுகளுக்குள் செருகி மறையுங்கள். உடனே அணிய வேண்டுமானால் கண்ணிகளைத் தளர்வாக மூடிவிடலாம். நான் மூடவில்லை. முப்பது கண்ணியையும் ஒரு தடித்த நூலில் கோத்து, மிச்சப் பச்சை உருண்டையை அதோடு கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த கணக்கு வரும்போது அதே இடத்திலிருந்து தொடரலாம்.